நடந்தால் வலி, நின்றால் சரி: அப்பாவின் கால் ரத்தக்குழாய் அடைப்பு

திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவுக்கு நடந்தால் பாதி வழியில் அப்பாவின் வலது கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கும். கொஞ்சம் நின்றால் விட்டுவிடும். மறுபடி அதே தூரம், அதே வலி. அத்தை வாதம் என்று தைலம் கொடுத்தார். உள்ளூரில் பார்த்த ஒரு டாக்டர் முதுகு எக்ஸ்ரே எடுத்து வலி மாத்திரை எழுதினார்; காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. முதுகுத் தண்டு பிரச்சினையாக இருந்தால் உட்கார்ந்தோ குனிந்தோதான் வலி தணியுமாம். அப்பாவுக்குச் சும்மா நின்றாலே போதும்.

புதுச்சேரி ஜிப்மரில் ஓ.பி. சீட்டு போட்டுக் காட்டினோம். டாக்டர் முதலில் பாதத்தின் மேல் விரல் வைத்து நாடி பார்த்தார். "ஐயா, சுகர் எத்தனை வருஷமா இருக்கு? பீடி உண்டா?" இரண்டும் உண்டு.

அப்புறம் அப்பாவைப் படுக்க வைத்து, கைகளிலும் கணுக்கால்களிலும் பி.பி. பட்டை கட்டி, ஜெல் தடவி, பேனா மாதிரி ஒரு டாப்ளர் கருவியால் ரத்த ஓட்டச் சத்தம் கேட்டார்கள். ஊசி, வலி எதுவும் இல்லை. கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுப்பார்கள். 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் குழாய் சுருங்கியிருக்கிறது என்று பொருள். அப்பாவுக்கு 0.62. சுகர்காரர்களுக்குக் குழாய் விறைத்துப்போய் எண் பொய்யாக உயரலாம். அப்போது கால் விரலில் அளப்பார்களாம். ஸ்கேனில் தொடைத் தமனியில், அதாவது காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில், கொழுப்புப் படிந்து அடைத்திருப்பது தெரிந்தது. தொடையில் அடைத்தால் வலி கீழே கெண்டையில்தான் வரும்.

எதிர்வீட்டு பரோட்டா மாஸ்டர் பாசமாகத் தன் வெரிகோஸ் சாக்ஸை (காலை இறுக்கிப் பிடிக்கும் சாக்ஸ்) கொடுக்க வந்தார். அவருக்கு நின்று நின்று சிரையின் (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயின்) வால்வு பழுதாகியிருக்கிறது; அது வேறு நோய். தமனி அடைத்த காலில் இறுக்கிப் போட்டால் இருக்கிற ரத்தமும் குறைந்துவிடும் என்று டாக்டர் தடுத்துவிட்டார்.

ஆபரேஷன் உடனே வேண்டாம் என்றார்கள். ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை, சுகர் கட்டுப்பாடு, பீடி அறவே கூடாது. இதே அடைப்பு இதயத்திலும் மூளையிலும் வரக்கூடும் என்பதால்தான் மாத்திரையாம். அதோடு நடைப்பயிற்சி: வலி நன்றாக வரும்வரை நடந்து, நின்று, வலி போனதும் மறுபடி நடக்க வேண்டும். இப்போது தினமும் மாலையில் சில்வர் பீச் பக்கம் அழைத்துப் போகிறேன். தூரம் கூடியிருக்கிறது; பீடிக்காகத்தான் இன்னும் சண்டை.

படுத்திருக்கும்போதே பாதம் வலித்தாலோ, புண் ஆறாவிட்டாலோ தாமதிக்காமல் வரச் சொன்னார்கள். கால் திடீரென்று சில்லிட்டு வெளுத்தால் அந்த நிமிடமே எமர்ஜென்சிக்குப் போக வேண்டுமாம்.