இருபது என்று எண்ணியது நான்கு

ஆய்வுப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் எனக்குக் கிடைத்த வேலை, ஒரு காந்தத்தில் ஆங்காங்கே ஓட்டை போட்டுப் பார்ப்பது. நிஜக் காந்தம் இல்லை, கணினிக்குள் ஒரு சதுரக் கட்டம். ஒவ்வொரு புள்ளியிலும் மேலோ கீழோ பார்க்கும் ஒரு குட்டிக் காந்தம், அதாவது ஸ்பின். இதுதான் ஐசிங் மாதிரி. ஓட்டை இல்லாத இரு பரிமாண மாதிரியை லார்ஸ் ஆன்சாகர் 1944-லேயே தீர்த்துவிட்டார். சூடேறும் காந்தம் தன் காந்தத்தன்மையை இழக்கும் இடம்தான் மாறுநிலை. சில ஸ்பின்களை எடுத்துவிட்டால் அதன் இயல்பு மாறுமா? ஓட்டை இல்லாத மாதிரியில் மாறுநிலையை நெருங்கும்போது தன்வெப்பம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைச் சொல்லும் அடுக்கைப் பார் என்கிறது இயற்பியலாளர் ஹாரிஸ் 1974-ல் தந்த விதி. அடுக்கு நேர்மமாக இருந்தால் மாறும், எதிர்மமாக இருந்தால் மாறாது. இரு பரிமாண ஐசிங்கில் அது சரியாகச் சுழியம். விதி பதில் சொல்லாத அந்த இடம்தான் எனக்குப் பிடித்திருந்தது.

ஸ்பின்களை ஒவ்வொன்றாகத் திருப்பினால் மாறுநிலையில் வேலை நகரவே நகராது. கட்டத்தின் பக்கம் இரண்டு மடங்கானால், பழைய நிலையை அது மறக்க நாலரை மடங்கு நேரம் ஆகும். அதனால் உல்ஃப் 1989-ல் தந்த முறையை எடுத்துக்கொண்டேன். ஒரே திசை பார்க்கும் ஸ்பின்களில் ஒரு கூட்டத்தைச் சேர்த்து மொத்தமாகத் திருப்பும் முறை அது.

ஓட்டைகள் விழும் இடமும் சீரற்றது. எனவே கட்டத்தின் ஒவ்வொரு அளவுக்கும் இருபது மாதிரிகள், இருபது ஓட்டம். முடிவுகளை வரைபடத்தில் போட்டபோது ஒரு புள்ளி மட்டும் வளைகோட்டை விட்டுத் தள்ளி நின்றது. விடை எவ்வளவு தள்ளிப்போயிருக்கலாம் என்று காட்டும் பிழைக்கோடோ மிகச் சிறியது. புதிதாக ஏதோ பிடித்துவிட்டோம் என்று நம்பினேன். அதற்கு விளக்கம் தேடி மூன்று நாள் தூங்கவில்லை.

என் வழிகாட்டி படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "இந்த இருபதும் தனித்தனியா ஓடினதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது. கோப்புகளைத் திறந்து பார்த்தேன். சீரற்ற எண்களைத் தொடங்கிவைக்கும் சீடாகக் கணினிக் கடிகாரத்தின் விநாடியைக் கொடுத்திருந்தேன். இருபது ஓட்டங்களும் நான்கு விநாடிக்குள் கிளம்பியிருந்தன. ஒரே விநாடியில் கிளம்பியவற்றுக்கு ஒரே ஓட்டைகள், ஒரே திருப்பங்கள், கடைசி இலக்கம் வரை ஒரே விடை. இருபது என்று நான் எண்ணியது உண்மையில் நான்கு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து நகல். பிழைக்கோடு அதனால் ஐந்தின் வர்க்கமூல அளவுக்கு, சுமார் 2.2 மடங்கு, சுருங்கியிருந்தது. சரியாகப் போட்டதும் அந்தப் புள்ளி தன் பிழைக்கோட்டுக்குள்ளேயே வளைகோட்டைத் தொட்டது.

அன்று அவர் திட்டவில்லை. 1992-ல் ஃபெர்ரன்பெர்க், லாண்டவ், வாங் மூவரும் எழுதிய சிறிய கட்டுரை ஒன்றைப் படிக்கச் சொன்னார். ஆர்250 என்ற சீரற்ற எண் உற்பத்தி முறை அப்போது தரமானது என்று பெயர் வாங்கியிருந்தது. அவர்கள் அதை இதே உல்ஃப் முறையோடு சேர்த்து, விடை துல்லியமாகத் தெரிந்த 16-க்கு 16 ஐசிங் கட்டத்தில் ஓட்டினார்கள். ஆற்றல் தவறாக வந்தது, தற்செயல் என்று தள்ளிவிட முடியாத அளவுக்கு. மட்டமானது என்று ஒதுக்கப்பட்ட எளிய முறையோ அதைவிட நல்ல விடை தந்தது. எண்களுக்குள் மறைந்திருந்த நுண்ணிய தொடர்பு, கூட்டம் கூட்டமாகத் திருப்பும்போதுதான் வெளிப்பட்டது. அந்த இரவு நான் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். விடை தெரிந்த கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்க அத்தனை பேர் பொறுமை காட்டியிருந்தார்கள் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அப்புறம் ஐந்து மாத ஓட்டங்களை முழுதாகத் திரும்பச் செய்தேன். வந்த முடிவில் புதுமை ஏதும் இல்லை. அதை அப்படியே ஆய்வேட்டில் எழுதினேன், அந்த அத்தியாயத்தின் மேல் எனக்கு இன்றும் பாசம் அதிகம்.

இப்போது என்னிடம் வரும் மாணவர்களுக்கு முதல் வேலை, ஓட்டை இல்லாத 16-க்கு 16 கட்டம். சரியான ஆற்றல் வந்த பிறகுதான் அடுத்தது. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் சீடையும் முதல் ஐந்து சீரற்ற எண்களையும் அச்சிடச் சொல்கிறேன். போன வாரம் ஒரு மாணவி இரண்டு கோப்புகளை அருகருகே திறந்து வைத்துக்கொண்டு அந்த ஐந்து எண்களையும் விரல் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். முடிக்கும் வரை நான் பேச்சுக் கொடுக்கவில்லை.