ஏழு கேள்வி வெறுமை: ஐந்து வயதில் வீட்டில் தொடங்கிய ஒரு படிப்பின் கணக்கு

மகளின் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை ரிசல்ட் வந்து ஒன்பது நாள். மாவட்ட வெட்டுப்புள்ளிக்கு மூன்று மார்க்ஸ் குறைவு. எங்கள் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது: "வீட்டுல வச்சு ஔவையார் பாட்டெல்லாம் படிச்சுக் குடுத்தா இப்புடித்தான் ஆகும்." சொன்னவர்களில் இரண்டு பேர் அன்றிரவே தனித்தனியாகக் கதவைத் தட்டி, "எங்க சின்னவனுக்கு நாலு வயசாகுது, நீ எதுல தொடங்குன?" என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் கோபம் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பேப்பர் எப்படி வரும், எத்தனை மார்க்ஸ் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதை விடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நான் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருக்கவில்லை. இலங்கையில் 1998இலிருந்து 5 வயது முதல் 14 வரை கட்டாயக் கல்வி, 2016இல் அதை 16 ஆக்கினார்கள். புலமைப்பரிசில் விண்ணப்பமும் பள்ளி வழியாகத்தான் போகும். ஆகவே வெளிநாட்டு அம்மாமார் சொல்லும் முழு வீட்டுப்பள்ளி என்னுடையது அல்ல. பள்ளிக்கு முந்திய காலமும், பள்ளி பூட்டிக் கிடந்த காலமும், மிச்சத்தில் பின்னேரங்களும். அவ்வளவுதான்.

தொடங்கியதே ஆறு நாள் வித்தியாசத்தில். மகள் பிறந்தது 2015 பெப்ரவரி 6. ஜனவரி 31க்குள் ஐந்து வயது முடிந்தால்தான் முதலாம் வகுப்பு. 2020இல் சேர்க்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். சரி, இன்னும் ஒரு வருஷம் முன்பள்ளி என்று நினைத்தால், மார்ச்சில் கொரோனா வந்து அதையும் பூட்டிவிட்டது. கணவர் கொழும்பில் கடையில் மாட்டிக்கொண்டார். வீட்டில் நான், மகள், மலைக்குக் கொழுந்து எடுக்கப் போய்வரும் மாமி. மாமி கணவரின் அம்மா, மகளுக்கு அப்பாயி. நான் ஏஎல் (உயர்தரம்) கலைப்பிரிவு, தோட்டத்து முன்பள்ளியில் இரண்டு வருஷம் உதவி டீச்சர். வேறு தகுதி ஒன்றும் இல்லை.

அப்போதுதான் போனில் இந்த 'கிளாசிக்கல்' முறையைப் பற்றி வாசித்தேன். சின்ன வயதில் மனப்பாடம், நடுவயதில் ஏன் எதற்கு என்று தருக்கம், அதற்குப் பிறகு பேச்சும் எழுத்தும். மத்திய கால ஐரோப்பாவில் இலக்கணம், தருக்கம், சொல்லாட்சி என்று மூன்றாகப் பிரித்துப் படிப்பித்ததை அடிப்படையாக வைத்த முறை. அவர்களுக்கு லத்தீன் முக்கியம். நானும் யாரோ ஒரு அம்மா போட்டிருந்த பதினொரு பக்க அட்டவணையை ஹட்டனில் பிரின்ட் எடுத்து வந்து, சுவரில் ஒட்டி, ஐந்து வயதுப் பிள்ளைக்கு லத்தீன் சொல்லுக்குப் பதில் இங்கிலீஷ் சொல் என்று மாற்றி, காலை எட்டரைக்கு ஒன்று, ஒன்பதுக்கு ஒன்று என்று நடத்திப் பார்த்தேன். மூன்றாம் வாரம் அந்தப் பதினொரு பக்கமும் ஈர விறகு பற்றவைக்க உதவியது. என் முதல் பிழை அது. அட்டவணையைப் பார்த்துத் தொடங்காதீர்கள், பிள்ளையின் நாள் எப்படிப் போகிறது என்று பார்த்துத் தொடங்குங்கள்.

எங்கள் நாள் றொட்டிக்கு மா பிசைவதில் தொடங்கும். தட்டில் கோதுமை மாவைக் கொட்டியதும், தண்ணீர் ஊற்ற முன் மகள் விரலால் ஒரு எழுத்து எழுதுவாள். ஒன்றே ஒன்று. பிழைத்தால் தட்டை ஒரு ஆட்டு ஆட்டினால் மா சமமாகிவிடும், அழிறப்பர் தேவையில்லை. எழுதி முடிந்ததும் அந்த எழுத்து றொட்டியாகிவிடும். "இன்னைக்கு நான் ணகரம் சாப்புட்டேன்" என்று பக்கத்துக் காம்பராவில் போய்ச் சொல்லுவாள். திண்ணைப் பள்ளிக் காலத்தில் மணலில் விரல் வைத்து எழுதியதும் இதே வேலைதான். பென்சிலை ஐந்தரை வயதுவரை கொடுக்கவில்லை. இதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, இன்றைக்கும் அவளுடைய கையெழுத்தைப் பார்த்து டீச்சர் மற்றப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்.

மா பிசையும் நேரத்திலேயே பாட்டு. ஆத்திசூடி 109 வரி. நாளைக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமை புதிது இல்லை, அதுவரை படித்தது முழுக்க. அது முடிந்ததும் கொன்றை வேந்தன், 91. லத்தீன் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தவளுக்கு அது வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. பொருள் கேட்டால் மட்டும் சொன்னேன், கேட்காவிட்டால் விட்டுவிட்டேன். 'ஙப் போல் வளை' வந்த அன்று அவள் ஒன்றும் கேட்கவில்லை. போர்வைக்குள் முழங்காலை மடக்கிச் சுருண்டு படுத்துக்கொண்டு, "அம்மா, நான் ங" என்றாள். இதற்கு மேல் என்ன விளக்கம் சொல்ல?

நான் அதிகம் பேசாதவள். அதனால் விளக்காமல் விடுவது எனக்கு லேசாக வந்தது. வாயாடி அம்மாமாருக்கு இந்த இடம்தான் கஷ்டம், நாக்கைக் கடித்துக்கொண்டு இருக்கப் பழகுங்கள்.

வாய்ப்பாடு பதினாறு வரை, பாட்டு மாதிரி. கால், அரைக்கால், வீசம் என்ற பழைய பேரையும் சேர்த்தேன். எட்டில் ஒன்று அரைக்கால், பதினாறில் ஒன்று வீசம் என்று நாக்கில் இருந்ததால், பள்ளியில் பின்னம் வந்தபோது தெரிந்த ஆளைச் சந்தித்த மாதிரி இருந்தாள். சிங்களம், இங்கிலீஷ் இரண்டுக்கும் நான் தனியாக ஒன்றும் செய்யவில்லை.

இனி முக்கியமான விஷயம். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுப்பதென்றால் இதை எடுங்கள்.

அந்த 'கிளாசிக்கல்' முறையில் 'திருப்பிச் சொல்லுதல்' என்று ஒன்று இருக்கிறது. ஒரு பக்கத்தை ஒரே ஒரு தடவை வாசித்துக் காட்டி, புத்தகத்தை மூடி, பிள்ளையைச் சொல்லச் சொல்வது. நானும் செய்தேன். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நீங்கதானே இப்ப வாசிச்சீங்க, உங்களுக்கே தெரியுமே" என்றாள். அவள் சொன்னது சரி. தெரிந்த ஆளுக்குத் தெரிந்ததைச் சொல்ல யாருக்குப் பிடிக்கும்? அது பரீட்சைதானே தவிர பேச்சு இல்லை.

மாமிக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், வாசிக்கத் தெரியாது. நாலரை மணிக்கு வேலை முடிந்து வந்து, இடுப்பில் கட்டும் படங்குத் துணியைக் கழற்றிப் போட்டு, அட்டை கடித்த இடத்தில் சவர்க்காரம் தேய்த்துக் காலைக் கழுவி, பிளேன்டீயோடு படிக்கட்டில் உட்காருவார். ஒரு நாள் மகள் தானாகவே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, காலையில் நான் வாசித்த கதையைச் சொல்லத் தொடங்கினாள். நடுவில் ஒரு ஆளை விட்டுவிட்டாள். மாமி விடவில்லை: "இரு தாயி, இந்த ஆளு எங்கருந்து வந்தான்?" மகள் திகைத்துப்போய், உள்ளே ஓடிவந்து, "அம்மா அவன் எங்கருந்து வந்தான்?" என்று புத்தகத்தைத் திறக்க வைத்தாள்.

அன்றிலிருந்து நான் வாசிப்பவள் மட்டும். கேட்பவர் அப்பாயி.

ஒரு உதாரணம் சொல்கிறேன், அப்போது மகளுக்கு எட்டு வயது. நம் தேயிலையின் வரலாறு. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது 1869. மகள் படிக்கட்டில் உட்கார்ந்து கைவீசிச் சொன்னாள்: "மொதல்ல எல்லா மலையிலயும் கோப்பி, அப்புறம் சீக்கு வந்து எல்லாம் செத்துப்போச்சு, அதுனால டெய்லர் தேயிலை போட்டாரு." மாமி டீயை ஒரு மிடறு குடித்துவிட்டு, "செத்ததுக்குப் பொறகு போட்டாரா, சாகுறதுக்கு முன்னாடியே போட்டாரா?" என்றார். சும்மா கேட்டதுதான். மகள் புத்தகத்தைப் பார்த்தாள், வருஷத்தை விரலால் தொட்டாள், மறுபடி பார்த்தாள். "முன்னாடியே போட்டுருக்காரு அப்பாயி! சீக்கு வந்த பொறகுதான் மத்தவங்க எல்லாம் அவருகிட்டப் பாத்துப் போட்டுருக்காங்க!" பதினொரு பக்க அட்டவணையில் தருக்கம் பத்து வயதுக்குப் பிறகு என்று போட்டிருந்தார்கள். மாமி அடுத்ததாக, "சரி, அந்தப் பத்தொம்பது ஏக்கர்லயும் மொதமொதல்ல கொழுந்து எடுத்தது யாரு?" என்று கேட்டார். அதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை.

ஆகவே: கதை தெரியாத, உண்மையாகவே கேட்க விரும்புகிற ஒரு ஆளைத் தேடுங்கள். தாத்தா, பக்கத்து வீட்டு ஆச்சி, மூன்று வயதுத் தம்பி, யாராவது. நீங்கள் அந்த ஆளாக இருக்க முடியாது.

ஐந்து வயதில் எங்கள் நாள்:

- காலை மாவில் ஒரு எழுத்து. 5 நிமிடம்
- பாட்டு, வாய்ப்பாடு. 10 நிமிடம்
- பகல் ஒரு வாசிப்பு. ஒரே தடவை. 10 நிமிடம்
- பின்னேரம் அப்பாயி. மாமி களைத்து வந்தால் 5 நிமிடம், மழைக்கு வேலை இல்லாவிட்டால் அரை மணி
- மிச்ச நேரம் விளையாட்டு. நான் குறுக்கே போகமாட்டேன்

2021இல் முதலாம் வகுப்பு என்று பெயர்தான், பள்ளி திறந்தும் பூட்டியும் கிடந்தது. ஒன்லைன் கிளாஸ் சிக்னலுக்குக் கல்மேல் ஏறி நின்ற பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒக்டோபரில் 200 பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிகளின் ஆரம்பப் பிரிவை முதலில் திறந்தபோதுதான் எங்கள் தோட்டப் பள்ளி ஒழுங்காக நடக்கத் தொடங்கியது. 2022இல் டீசல் இல்லை, டீச்சர்மார் வர பஸ் இல்லை, கொப்பி விலை கேட்டால் தலை சுற்றும். வாயில் இருக்கும் படிப்புக்குக் கொப்பி வேண்டாம் என்பது அந்த வருஷம் எனக்குப் பெரிய ஆறுதல்.

இப்போது பிழைக்கு வருகிறேன்.

மற்றப் பிள்ளைகள் நாலாம் வகுப்பிலிருந்தே பேப்பர் கிளாஸ். நான் அதைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்த்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஜூன் மாதம்தான் பழைய பேப்பர்களை வாங்கினேன். அதையும் மணிக்கூடு இல்லாமல் செய்ய வைத்தேன். "மெதுவா வாசி, நல்லா யோசி, தொடங்குனா முடி." ஆறு வருஷமாக நான் சொல்லிக்கொடுத்தது அதுதான்.

ஓகஸ்டில் பரீட்சை முடிந்து வந்த அன்று, வழக்கம்போலப் படிக்கட்டில் உட்கார்ந்து அப்பாயிக்குச் சொன்னாள். இரண்டாம் பேப்பர் முழுக்க, வரிசை தப்பாமல், தான் எழுதிய வசனங்களோடு. எனக்கு உள்ளே குளிர்ந்தது. பிறகு முதலாம் பேப்பர். பன்னிரண்டாவது கேள்வியில் ஒரு உருவத்தொடர், அதை மட்டும் நாலைந்து நிமிடம் விவரித்தாள். எந்தக் கோடு எந்தப் பக்கம் திரும்பியது, தான் முதலில் எப்படிப் பிழையாக நினைத்தாள், பிறகு எப்படிப் பிடித்தாள் என்று. முப்பத்து மூன்றாவது வரை வந்து நின்றாள்.

"அப்புறம்?" என்றார் மாமி.

"அப்புறம் மணி அடிச்சிட்டாங்க அப்பாயி."

நாற்பது கேள்வி, அறுபது நிமிடம். ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம். 'தெரியாவிட்டால் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போ' என்ற ஒரு வசனத்தை நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த ஏழில் இரண்டு சரியாகியிருந்தால் போதும். ரிசல்ட் வர முன்பே எனக்குத் தெரியும், லயத்துக்குத்தான் ஒன்பது நாளைக்கு முன் தெரிந்தது.

பாட்டு படித்ததால் போகவில்லை. மணிக்கூடு பார்க்காததால் போனது. இரண்டையும் குழப்பி என்னிடம் யாரும் சொல்லவேண்டாம்.

நாலு வயதுக்காரர்களின் அம்மாமாருக்கு, கதவில் நின்று சொன்னபடியே:

- பென்சிலுக்கு அவசரப்படவேண்டாம். வாயும் காதும் முதலில்.
- ஒரு நாளைக்கு ஒரு வரி. இரண்டு கேட்டாலும் கொடுக்காதீர்கள், நாளைக்கு ஆசையாக வருவாள்.
- "விளங்குதா?" என்று கேட்காதீர்கள். பிள்ளை "ஓம்" என்றுதான் சொல்லும்.
- சொந்தக்காரர் வந்தால் "பாட்டுச் சொல்லு" என்று நிறுத்தி வைக்காதீர்கள். நான் ஒரு தடவை செய்தேன், இரண்டு வாரம் வாயே திறக்கவில்லை.
- தோட்டத்தில் இரவிரவாக ஆடும் காமன் கூத்து நடந்தால் தூக்கம் கெட்டாலும் கூட்டிப் போங்கள்.
- பள்ளியில் டீச்சரிடம் "நான் வீட்டில் வேறு முறையில் படிப்பிக்கிறேன்" என்று பெருமையடிக்கப் போகாதீர்கள். தேவையில்லாத வாய்ச்சண்டை.
- நாலாம் வகுப்பு தொடங்கியதும் வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், மணிக்கூட்டோடு பேப்பர். விட்டுவிட்டுப் போகவும் திரும்பி வரவும் பழக்குங்கள். நாலாம் வகுப்பில். ஐந்தாம் வகுப்பு ஜூனில் இல்லை.

இந்த வருஷப் பேப்பர் இப்போது ஹட்டன் கடைகளில் போட்டோகொப்பியாக வந்துவிட்டது. நேற்று ஒன்று வாங்கி வந்தேன். எதற்கு என்று எனக்கே விளங்கவில்லை, மேசையில் வைத்துவிட்டுச் சோற்றுக்குப் போட்டேன். திரும்பிப் பார்த்தால் மகள் படிக்கட்டில், மடியில் கடைசிப் பக்கம். மாமி என் போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அதில் ஓடும் இலக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழும் செய்ய எட்டரை நிமிடம். ஐந்து சரி.

"மத்த ரெண்டும் ஏன் பிழைச்சிச்சுன்னு சொல்லு தாயி" என்றார் மாமி. சொல்லத் தொடங்கினாள்.