சாவி தொலைந்த விண்டோஸ் 7: மாமாவின் பழைய லேப்டாப்பை மீட்ட அனுபவம்

மாமா கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கிறவர். அவருடைய லேப்டாப் விண்டோஸ் 7 ஹோம் பிரீமியம் போட்டே வந்தது. ஹார்ட் டிஸ்க் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்ததும் அதை மாற்றியே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. பில், சிடி, கீ (விண்டோஸை அசல் என்று நிரூபித்து ஆக்டிவேட் செய்கிற 25 எழுத்துக் குறியீடு) எழுதிய தாள் எதுவும் வீட்டில் இல்லை. சர்வீஸ் கடையில், "கீ எதுக்கு சார், ஆக்டிவேட்டர் போட்டுத் தர்றேன்" என்றார்கள். கீ இல்லாமலே விண்டோஸை ஏமாற்றி ஆக்டிவேட் செய்கிற அந்த மாதிரி கிராக் கோப்புக்குள் என்ன ஒளிந்திருக்குமோ! மாமா வங்கிக் கணக்கையும் அதே லேப்டாப்பில்தான் பார்ப்பார். வேண்டாம் என்று லேப்டாப்பைத் திரும்ப வாங்கி வந்துவிட்டேன்.

முதலில் பார்த்தது கீ அச்சிட்ட அடிப்பக்கத்து ஸ்டிக்கரை. சில மாடல்களில் இது பேட்டரிக்கு அடியில் இருக்கும், அங்கே இருந்தால் தேயாது. இதுவோ மடியிலும் மேசையிலும் உரசி வெளுத்துப் போயிருந்தது. செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் படமெடுத்தால், அச்சு போன இடத்திலும் லேசாக ஒரு தடம் தெரிகிறது. இங்கே ஒரு விஷயம் கைகொடுத்தது. 25 எழுத்துள்ள இந்தக் கீயில் மொத்தம் 24 குறிகள்தான் புழங்கும். ஆங்கில உயிரெழுத்து ஒன்றுகூடக் கிடையாது. 0, 1, 5 இல்லை. எல், எஸ், இசட்டும் இல்லை. அதனால் பூஜ்யமா ஓ-வா என்ற குழப்பமே வராது. 8-ஆ பி-யா, 6-ஆ ஜி-யா என்பதுதான் சந்தேகம். இப்படி ஐந்தைந்து எழுத்தாக நான்கு தொகுதிகள் தேறின. கடைசி ஐந்து எழுத்து சுத்தமாகப் போயிருந்தது. 24 குறிகளை ஐந்து இடத்தில் மாற்றி மாற்றிப் போட்டால் கிட்டத்தட்ட 80 லட்சம் வாய்ப்பு. ஊகிக்கிற வேலையே இல்லை.

சரி, விண்டோஸ் இன்னும் ஓடுகிறதே என்று கணினியில் பதிவாகியிருக்கும் கீயைக் காட்டுகிற புரொடியூகீ என்ற இலவச மென்பொருளைப் போட்டேன். (ஆன்டிவைரஸ் இதைப் பார்த்து அலறும், அதை உருவாக்கிய நிர்சாஃப்ட் தளத்திலிருந்தே இறக்குவது நல்லது.) முழுக் கீயும் திரையில் வந்தது. ஆனால் ஸ்டிக்கரில் படித்த எழுத்துகளோடு அது ஒத்துப்போகவே இல்லை. கமாண்ட் ப்ராம்ப்டில் லைசென்ஸ் விவரம் காட்டும் எஸ்எல்எம்ஜிஆர் கட்டளையை டிஎல்ஐ சேர்த்து (slmgr /dli) கொடுத்தபோது காரணம் தெரிந்தது: 'ஓஇஎம் எஸ்எல்பி'. அதாவது, லேப்டாப் தயாரிப்பாளர் ஒரே கீயை இந்தப் பதிப்பு விண்டோஸ் உள்ள தன் லேப்டாப்புகளுக்கெல்லாம் போட்டு அனுப்பியிருக்கிறார். பயாஸில் (மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) ஒரு அடையாளம், ஹார்ட் டிஸ்க் வட்டில் ஒரு சான்றிதழ் கோப்பு, இந்தப் பொதுக் கீ ஆகிய மூன்றும் பொருந்தினால் இணையம் இல்லாமலே ஆக்டிவேட் ஆகிவிடும். வேறு டிவிடியிலிருந்து விண்டோஸை நிறுவி இந்தக் கீயை மட்டும் தட்டினால் ஆகாது.

அப்படியென்றால் கீயைத் தேடுவதைவிட வட்டை அப்படியே நகலெடுப்பதுதான் புத்திசாலித்தனம். பத்திரிகைக் கோப்புகளை முதலில் தனியாக எடுத்து வைத்தேன். பிறகு பழைய வட்டைவிடக் கொள்ளளவு குறையாத ஒரு எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத புதுவகை வட்டு) வாங்கி, யூஎஸ்பி கேஸில் மாட்டி, வட்டை நகலெடுக்கிற குளோன்சில்லா என்ற மென்பொருளைப் பென்டிரைவிலிருந்து ஓட்டினேன். வட்டில் படிக்க முடியாமல் போன பகுதிகளை (கெட்ட செக்டர்) தாண்டிப் போக 'ரெஸ்க்யூ' விருப்பத்தைக் கொடுத்திருந்ததால் ஓட்டம் நடுவில் நிற்கவில்லை. எஸ்எஸ்டியை உள்ளே மாட்டியதும் விண்டோஸ் எழுந்தது, ஆக்டிவேஷனும் அப்படியே இருந்தது. பத்திரிகை வடிவமைக்கிற பேஜ்மேக்கர் மென்பொருளும் பழைய தமிழ் எழுத்துருக்களும் இடம் மாறவில்லை. மாமாவுக்கு அதுதான் முக்கியம்.

விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தையது போட்டு வந்த லேப்டாப்பாக இருந்தால் இவ்வளவு பாடு கிடையாது. கீ பயாஸிலேயே இருக்கும், அதே பதிப்பை நிறுவும்போது அதுவாகவே எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 10-இல் டிஜிட்டல் லைசென்ஸ் (கீ தட்டாமலே மைக்ரோசாஃப்ட் பதிவில் இருக்கும் உரிமம்) மதர்போர்டோடு ஒட்டியிருக்கும். மதர்போர்டை மாற்றும் எண்ணம் இருந்தால் அதற்கு முன்பே மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவிடுங்கள். 7-இன் கீயை வைத்து 10-ஐ ஆக்டிவேட் செய்கிற வழியை 2023 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கிற கீகள் பக்கம் நான் போகவில்லை. எங்கிருந்து வந்தது என்றே தெரியாத கீ எப்போது முடக்கப்படும் என்றும் தெரியாது.

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய, கீயே வேண்டாத இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டையும் பென்டிரைவில் ஓட்டிக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு மாப்ள, என் பேஜ்மேக்கர் எங்க?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு (பாதுகாப்பு அப்டேட் உட்பட) 2020 ஜனவரி 14-லேயே நின்றுவிட்டதால், வைஃபையை அணைத்துவிட்டேன். வங்கி வேலை இனி போனில்தான். முடித்த பத்திரிகைகள் பென்டிரைவில் போகின்றன. எஸ்எஸ்டியின் முழு நகல் (இமேஜ்) ஒன்றை வெளி ஹார்ட் டிஸ்க்கிலும் எடுத்து வைத்திருக்கிறேன்.