14 பிரேம் கணக்கு: மூட்டையை மலையிலிருந்து தள்ளிய கதை

வீட்டிலேயே அனிமேஷன் வரையப் பழகுகிறேன். பந்து குதிப்பதை ஒரு வழியாக வரைந்து முடித்தாயிற்று. அடுத்தது மாவு மூட்டை. 1930களில் டிஸ்னி ஸ்டூடியோவில் வரையப் பழகியவர்களின் பயிற்சி இது. பாதி நிறைந்த மாவு மூட்டைக்கு முகமோ கைகாலோ இல்லாமலே சோகமும் குஷியும் வரவேண்டும். அந்த அளவுக்கு எனக்குப் பொறுமை இல்லை. நேரே மலை உச்சியில் நிறுத்தித் தள்ளிவிட்டேன்.

காரணம் கார்ட்டூன் இயக்குநர் சக் ஜோன்ஸ். வார்னர் பிரதர்ஸில் 1949இல் அவர் தொடங்கிய ரோட் ரன்னர் கார்ட்டூன்களில், அந்தப் பறவையைத் துரத்தும் ஓநாய் மாதிரியான கயோட்டி மலையிலிருந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். மேலிருந்து பார்க்கும் காட்சி. அது சிறுத்துச் சிறுத்து மறையும், ஒரு சின்ன இடைவெளி, அப்புறம் கீழே ஒரு பொட்டுத் தூசி. மறைய 18 பிரேம் (பிரேம் என்றால் படத்தில் ஓடும் ஒரு தனிச் சட்டகம்), தூசி கிளம்ப இன்னும் 14 பிரேம் என்பது ஜோன்ஸின் கணக்கு. 13 வைத்தாலும் 15 வைத்தாலும் சிரிப்பு வராதாம். நொடிக்கு 24 பிரேம் ஓடுகிறது, இதில் ஒரு பிரேம் யாருக்குத் தெரியும்? மனிதர் கதை அளக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

கண்ணாடி டீப்பாய்க்கு அடியில் எல்.இ.டி. பல்பு, அதுதான் என் லைட் பாக்ஸ், அதாவது அடித்தாளில் உள்ள படம் மேல்தாளில் தெரியவைக்கும் வெளிச்சப் பெட்டி. தாள் நகராமலிருக்க பஞ்சிங் மெஷினால் அதில் ஓட்டை போட்டு, அந்த அளவுக்குச் சீவிய இரண்டு மூங்கில் குச்சிகளில் மாட்டினேன்.

முதல் 18 படங்களும் வீண். மூட்டையை ஒவ்வொரு படத்திலும் ஒரே அளவு குறைத்துக்கொண்டே போயிருந்தேன். ஓட்டிப் பார்த்தால் விழவில்லை, லிப்டில் இறங்குகிறது! யோசித்தால் சரிதான். விழத் தொடங்கும்போது வேகமே இருக்காது. மறுபடி வரைந்தபோது முதல் நான்கு படங்களில் அளவைக் கிட்டத்தட்ட மாற்றவே இல்லை. நடுவில் மடமடவென்று குறைத்தேன். கடைசி மூன்றும் வெறும் புள்ளி. இப்போது வயிற்றைப் பிசைந்தது.

இருந்தும் எல்லாமே அவசரமாக ஓடியது. அரை மணி நேரம் மண்டையை உடைத்த பிறகுதான் படங்களை ஓட்டிக் காட்டும் போன் செயலி நொடிக்கு 30 பிரேமில் இருப்பதைக் கண்டேன். 24க்கு மாற்றினேன்.

இடைவெளிக்குப் புதிதாக வரைய வேண்டியதில்லை, வெற்றுப் பள்ளத்தாக்கின் ஒரே படத்தை எத்தனை பிரேம் நிறுத்துவது என்பதுதான் கேள்வி. அக்கா மகனை உட்காரவைத்து 10, 20, 14 என்ற வரிசையில் காட்டினேன். 10இல் முகத்தில் அசைவே இல்லை. 20இல் தூசி வருவதற்குள் “சித்தி, அது எங்க போச்சு?” என்றான். 14இல் கெக்கென்று சிரித்தான்.

13, 15 இரண்டையும் ஓட்டியபோது அவன் சிரிக்கவில்லை. ஆனால் அதற்குள் பத்து முறை பார்த்து அலுத்துப்போயிருந்தான், அதனால் அந்தச் சோதனை செல்லாது. எனக்கே 13க்கும் 14க்கும் வித்தியாசம் தெரியவில்லை. 15 மட்டும் கொஞ்சம் இழுக்கிற மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் தூசியைத் திருத்த வேண்டும். இப்போதைக்கு அது இட்லி மாதிரி இருக்கிறது.