அயிரைக்கு ஏற்ற மணல்

அயிர் என்ற சொல்லுக்கு நுண்மணல் என்று நம் அகராதிகள் பொருள் தருகின்றன. அயிரை மீனை வீட்டுத் தொட்டியில் வளர்க்கத் தொடங்கியபோது அந்தச் சொல்லை நான் முன்கூட்டியே எண்ணிப் பார்த்திருந்தால், நான்கு மீன்களின் மீசை தேய்ந்திருக்காது.

மதுரைக்காரர்களுக்கு அயிரை என்றதும் குழம்புதான் நினைவுக்கு வரும். உயிரோடு வாங்கி வந்து, பாலில் விட்டு, வயிற்றிலுள்ள மண்ணைக் கக்க வைத்த பிறகே எங்கள் வீட்டில் சமைப்பார்கள். அவ்வாறு வாங்கி வந்தவற்றுள் ஆறு மீன்களைப் பாலில் விடும் முன்பே எடுத்து, நீலநிறக் கற்கள் பரப்பிய இரண்டடித் தொட்டியில் விட்டேன். சில வாரங்களில் நான்கின் மீசை இழைகள் கட்டையாகிவிட்டன. பகல் முழுவதும் அவை ஃபில்டருக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தன. மணலை வாயால் அள்ளி, அதிலுள்ள புழுவையும் பாசித் துணுக்கையும் பிரித்துக்கொண்டு, மீதியைச் செவுள் வழியே வெளியேற்றி உண்ணும் மீனுக்குப் பட்டாணி அளவுக் கல்லைக் கொடுத்திருந்தேன். அந்தக் கற்களின் இடுக்கில் விழுந்த தீனியோ யாருக்கும் எட்டாமல் அழுகிக்கொண்டிருந்தது.

தொட்டியின் அடித்தளத்தை நாம் பெரும்பாலும் நம் கண்ணுக்காகத் தேர்ந்தெடுக்கிறோம். அடியில் மேயும் மீன்களை வளர்ப்பவர், அயிரையானாலும் கோரிடோராஸ் என்ற சிறு கெளுத்தி வகை அலங்கார மீனானாலும், அதை மீனின் வாய்க்காகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

வீடு கட்டியபோது மிஞ்சிய எம்-சாண்டை முதலில் கையில் எடுத்தேன். பாறையை உடைத்துச் செய்யப்படும் அந்த மணலில் பன்னிரண்டு முறை அலசியும் பால்போன்ற கலங்கல் நிற்கவில்லை. விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்தபோது முனைகள் குத்தின. என் விரலையே குத்துவதை மீனின் செவுளுக்குள் அனுப்ப மனம் வரவில்லை. உறவினர் ஒருவர் ராமேஸ்வரத்திலிருந்து கொண்டுவந்த கடல் மணலின் மீது சிறிது வினிகரை ஊற்றியதும் நுரைத்துப் பொங்கியது. அதிலுள்ள சிப்பித் துகள்களின் சுண்ணாம்பு மெல்லக் கரைந்து நீரின் கடினத்தன்மையையும் காரத்தன்மையையும் உயர்த்தும் என்பதற்கு அந்த நுரையே சான்று. ஆற்று மணல்தான் அயிரையின் சொந்த வீடு என்றாலும், ஆறுகளில் மணல் அள்ளி அள்ளியே இந்த மீனின் இருப்பிடம் சுருங்கி வரும் காலத்தில், அலங்காரத் தொட்டிக்காக நானும் ஒரு மூட்டை கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இறுதியில், குடிநீர்ச் சுத்திகரிப்புக்கும் நீச்சல் குளங்களுக்கும் விற்கப்படும் ஃபில்டர் மணலை வாங்கினேன். அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை, ஏறத்தாழச் சர்க்கரையின் பருமனில், சீராகச் சலித்த சிலிக்கா மணல் அது, வினிகருக்கு நுரைக்காது. இதைவிட நுண்ணிய மாவுமணல் இறுகிக் கட்டியாகிவிடும். தூய வெண்மணலையும் நான் தவிர்த்தேன். வெளிர்ந்த தரையின் மேல் மீன்கள் நிறம் மங்கி, அஞ்சி ஒளிகின்றன. மங்கிய பழுப்பே பொருத்தம்.

60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் 3 சென்டிமீட்டர் உயரத்திற்குப் பரப்ப எட்டு முதல் ஒன்பது கிலோ போதும். கால் வாளி மணலாக எடுத்து, குழாயின் முனையை அடிவரை செருகிக் கிளறி, வழியும் நீர் தெளியும்வரை அலச வேண்டும். சோப்பு ஒரு துளிகூடப் படக்கூடாது. பரப்பிய மணலின் மேல் ஒரு தட்டை வைத்து, நீரை அதன் மீது மெதுவாக ஊற்றினால் கலங்காது. ஃபில்டரின் உறிஞ்சு வாயை மணலிலிருந்து நான்கு விரல் உயரத்தில் வைத்து, அதற்கு ஸ்பான்ஜ் உறையும் போட்டேன், ஏனெனில் உள்ளே புகும் மணல் துகள் மோட்டாரின் சுழலியைத் தேய்த்துவிடும்.

மணல் மாற்றிய அன்று மாலையே ஒரு மீன் தலைகுப்புறப் பாய்ந்து வாலை இருமுறை அசைத்து மறைந்தது. சற்று நேரத்தில் ஓரடி தள்ளி இரண்டு கண்கள் மட்டும் மணலுக்கு மேலே தெரிந்தன. பிறகு அது எழுந்து ஒரு வாய் மணலை அள்ளியபோது, செவுளின் அடியிலிருந்து மணல் நூலிழைபோல் வழிந்ததைக் கண்ணாடியில் மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து பார்த்தேன். தேய்ந்த மீசைகளும் இரண்டு மாதங்களில் ஓரளவு வளர்ந்தன.

மணலை ஆழமாகக் குவிப்பதில் ஓர் ஆபத்து உண்டு. ஆக்சிஜன் எட்டாத இடங்களில் கருந்திட்டுகள் தோன்றி, கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. மூன்று சென்டிமீட்டரைத் தாண்டாமல் இருந்தால், அயிரைகளே நாள்தோறும் மணலைப் புரட்டிவிடுகின்றன. வேலம்பாசிச் செடிகள் நட்டிருக்கும் பின்மூலையில் மட்டும் அவை அதிகம் நுழைவதில்லை என்பதால், வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றும்போது அங்கே ஒரு குச்சியால் நானே மெல்லக் கிளறிவிடுகிறேன்.