லேன் கேபிளில் நெட் வரவில்லையா? முதலில் போர்ட்டின் லைட்டைப் பாருங்கள்

ஃபோனுக்கு வைஃபையில் நெட் வருகிறது, கேபிள் போட்ட கம்ப்யூட்டருக்கு மட்டும் வரவில்லை என்றால் பலரும் நேராகச் செட்டிங்ஸுக்குள் போய்விடுகிறார்கள். ஐபி-யை மாற்றி, டிரைவரை அழித்து, கடைசியில் விண்டோஸையே புதிதாகப் போடும் வரை போகிறது. கம்ப்யூட்டரின் பின்பக்கம் குனிந்து, கேபிள் செருகிய போர்ட்டில் லைட் எரிகிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும். அதைப் பார்க்கும் வரை வேறு எதையும் தொடாதீர்கள்.

போர்ட்டின் ஓரத்தில் பெரும்பாலும் இரண்டு சின்ன லைட் இருக்கும். ஒன்று இணைப்பு கிடைத்ததும் எரியும், மற்றது டேட்டா போய்வரும்போது மினுக்கும். எந்த நிறத்துக்கு எந்த வேகம் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். அதனால் நிறத்தை விடுங்கள், எரிகிறதா என்று மட்டும் பாருங்கள். சில லேப்டாப்களில் லைட்டே இருக்காது, அப்போது கேபிளின் மறுமுனையில் ரவுட்டர் பக்கம் பார்க்கலாம்.

லைட் எரியவே இல்லை என்றால் கோளாறு கேபிளிலோ இரு முனைப் போர்ட்டுகளிலோதான். அடாப்டர், அதாவது கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டு, டிசேபிள் ஆகியிருப்பது ஒன்றுதான் விதிவிலக்கு. டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் மேல் கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் வலது கிளிக் செய்து எனேபிள் கொடுங்கள். அடாப்டரே பட்டியலில் இல்லை என்றால் பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் அடிப்படை செட்டிங்ஸில்) போர்ட் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அதற்கடுத்து பிளக். செருகும்போது 'டக்' என்று கேட்க வேண்டும். கிளிப் உடைந்த பிளக் பார்வைக்கு உள்ளே இருப்பது போலத் தெரிந்தாலும் ஒரு மில்லிமீட்டர் பின்வாங்கினால் தொடர்பு போய்விடும். லேசாக இழுத்துப் பாருங்கள், வெளியே வந்தால் அந்தக் கேபிளை நம்பாதீர்கள். ரவுட்டரில் வேறு போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். பிறகு, நன்றாக வேலை செய்யும் வேறொரு கம்ப்யூட்டரின் கேபிளைக் கழற்றி இதில் போடுங்கள். கேபிள் சுவருக்குள் ஓடுகிறது என்றால் கம்ப்யூட்டரையே ரவுட்டர் பக்கத்தில் தூக்கி வைத்து ஒரு மீட்டர் கேபிளில் சோதியுங்கள். லைட் எரிந்தால் பழுது சுவருக்குள் இருக்கிறது, எரியாவிட்டால் கம்ப்யூட்டரில்.

கம்ப்யூட்டர்தான் என்று தெரிந்தாலும் உடனே புது கார்டு வாங்கிவிடாதீர்கள். கம்ப்யூட்டரை அணைத்தாலும் மதர்போர்டில் நெட்வொர்க் சிப்புக்கு மின்சாரம் வந்துகொண்டுதான் இருக்கும். சிப் சிக்கிக்கொண்டால் ரீஸ்டார்ட் செய்தாலும் அந்த நிலை மாறாமல் போகலாம். பவர் கேபிளைச் சுவரிலிருந்தே பிடுங்கி, பவர் பட்டனை 15 நொடி அழுத்திப் பிடித்து, ஒரு நிமிடம் கழித்து இணையுங்கள். செத்துப்போனதாக நினைத்த போர்ட் இதிலேயே உயிர் பெற்றுவிடுவது உண்டு. இடி மின்னலுக்குப் பிறகு போன போர்ட் என்றால் நம்பிக்கை குறைவுதான். யூஎஸ்பி 3.0 ஈதர்நெட் அடாப்டர் ஒன்று போட்டால் வேலை முடிந்தது. யூஎஸ்பி 2.0 அடாப்டர் வாங்காதீர்கள், அதன் மொத்த வேகமே 480 எம்பிபிஎஸ்தான், கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) இணைப்புக்குப் போதாது.

லைட் எரிகிறது, நெட்டும் வருகிறது, ஆனால் மெதுவாக இருக்கிறது. இந்தப் புகாருக்குள் ஒளிந்திருப்பது பெரும்பாலும் கேபிள்தான் என்பதால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம். ஸ்பீட் டெஸ்ட் எத்தனை முறை ஓட்டினாலும் 94, 95 எம்பிபிஎஸ்ஸில் வந்து நின்றால் இணைப்பு 100-இல் ஓடுகிறது என்று சந்தேகிக்கலாம். விண்டோஸில் ஈதர்நெட் பக்கத்திலேயே இணைப்பு வேகம் 100/100 அல்லது 1000/1000 என்று காட்டும். ரவுட்டரின் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் வகையாக இருந்தால் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. இரு பக்கமும் கிகாபிட்டாக இருந்தும் 100 என்று காட்டினால் கேபிளைச் சந்தேகியுங்கள்.

காரணம் கம்பிகளில் இருக்கிறது. கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு பிளக்கில் 1, 2, 3, 6 என்ற நான்கு பின்கள் (உலோகத் தொடர்புகள்) போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஒரு கம்பி அறுந்தாலும் பல அடாப்டர்கள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். சில இறங்கத் தெரியாமல் இணைந்து இணைந்து அறுந்துகொண்டே இருக்கும், லைட் அணைந்து அணைந்து எரியும்.

கேபிள் முனையில் பிளக் அடிக்கும்போது கம்பிகளின் வரிசை இதுதான்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. டி568பி என்பது இதன் பெயர். கிளிப் கீழே, உலோகத் தகடுகள் மேலே, கேபிள் நுழையும் வாய் உங்களை நோக்கி இருந்தால் இடது ஓரம் முதல் பின். பச்சை ஜோடியை நீல ஜோடியின் இருபக்கமும் பிரித்து வைப்பது ஏன் என்று புரியாமல், சிலர் ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று ஜோடி ஜோடியாக வரிசையாக அடித்துவிடுகிறார்கள். இரு முனையிலும் ஒரே மாதிரி அடித்திருந்தால் மலிவான டெஸ்டரில் எட்டு லைட்டும் ஒழுங்காக எரியும், ஏனென்றால் அது கம்பி முனைக்கு முனை போகிறதா என்று மட்டுமே பார்க்கிறது. ஆனால் 3-ஆம், 6-ஆம் பின்கள் ஒரே முறுக்குக்குள் இருக்க வேண்டும். வேறு வேறு முறுக்கில் போனால் ஒரு ஜோடியின் சிக்னல் மற்றொன்றுக்குள் கசியும். பத்தடியில் ஓடுகிற கேபிள் முப்பது மீட்டரில் திணறுவது இப்படித்தான். 'டெஸ்டரில் பாஸ் ஆகிறதே' என்று சொல்லப்படும் கேபிளில் முதலில் நிறங்களைக் கண்ணால் படித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவும் பிளக்கின் வழியே நன்றாகத் தெரியும்.

பிளக்குக்குள் முறுக்கை அவிழ்ப்பதும் 13 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. வெளியுறை பிளக்கின் உள்ளே நுழைந்து, பிளக்கின் பிடியில் இறுக வேண்டும். உறை வெளியே நின்று எட்டு நிறக் கம்பிகளும் தெரிகிற மாதிரி அடித்த பிளக்கில் இழுவை முழுவதும் கம்பிகள் மேல் விழும், சில மாதத்தில் ஒன்று விட்டுப்போகும். சுவருக்குள் போடும் கேபிளில் கம்பி திடமான ஒற்றை இழை, கருவிகளை இணைக்கும் சிறிய பேட்ச் கேபிளில் பல இழை. இரண்டுக்கும் பிளக் வேறு. மாற்றி அடித்தால் அன்றைக்கு ஓடும், பிறகு தொடர்பு தளரும்.

செம்பு பூசிய அலுமினியக் கேபிளை வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சிசிஏ என்று உறையில் அச்சிட்டிருக்கும், பல சமயம் அதையும் அச்சிட மாட்டார்கள். கம்பி முனையைக் கத்தியால் சுரண்டினால் செம்புக்குக் கீழே வெள்ளி நிறம் தெரியும். வளைத்தால் சீக்கிரம் உடையும், மின்தடையும் கூடுதல். முழுச் செம்பு கேட் 5ஈ கேபிளே கிகாபிட்டை 100 மீட்டர் வரை கொண்டுபோகும். வீட்டுக்குள் அதற்கு மேல் தேவைப்படாது.

வேகத்தைக் கையால் நிர்ணயிக்கும் செட்டிங்கைத் தொட்டிருந்தால் ஆட்டோ நெகோஷியேஷனுக்கே (இரு பக்கமும் தாமே பேசி வேகத்தை முடிவு செய்வது) திருப்பி வையுங்கள். ஒரு பக்கம் 100 ஃபுல் டூப்ளெக்ஸ் என்று பூட்டி, மறுபக்கம் ஆட்டோவில் இருந்தால் ஆட்டோ பக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு, அதாவது ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டும் டேட்டா போகும் நிலைக்குப் போய்விடும். பிங் (சின்ன பாக்கெட் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) நன்றாக வரும், பெரிய ஃபைல் இறக்கினால் நொண்டும்.

லைட்டும் வேகமும் சரி, இருந்தும் நெட் இல்லை. இப்போதுதான் மென்பொருள் பக்கம். கமாண்ட் பிராம்ப்டில் ஐபிகான்ஃபிக் (ipconfig) கொடுங்கள். ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடம் முகவரி கேட்டும் பதில் வராததால் கம்ப்யூட்டர் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். கேபிள் ரவுட்டரின் லேன் போர்ட்டில் இல்லாமல் வேன் (WAN) போர்ட்டில், அதாவது வெளி இணைப்புக்கான போர்ட்டில் செருகப்பட்டிருக்கலாம், அங்கேயும் லைட் அழகாக எரியும். ரவுட்டரில் டிஹெச்சிபி (தானாக ஐபி முகவரி கொடுக்கும் வசதி) அணைந்திருக்கலாம், கொடுக்க வேண்டிய முகவரிகள் தீர்ந்திருக்கலாம். கம்ப்யூட்டரை ரவுட்டர் இல்லாமல் நேராக மோடத்தில் மாட்டியிருந்தால், சில மோடங்கள் முதலில் பார்த்த கருவியின் மேக் முகவரியையே (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணையே) பிடித்துக்கொண்டிருக்கும். மோடத்தை அணைத்துப் போட்டால்தான் புதிய கருவியை ஏற்கும்.

முகவரி 192.168 என்பது போல ஒழுங்காக இருந்தால் பிங்கைப் படிப்படியாக ஓட்டுங்கள். முதலில் ஐபிகான்ஃபிக்கில் காட்டிய டிஃபால்ட் கேட்வே, அதாவது ரவுட்டர். அடுத்து 8.8.8.8, இது கூகுளின் பொது சர்வர். கடைசியாக ஏதேனும் ஓர் இணையதளத்தின் பெயர். கேட்வே வரவில்லை என்றால் யாரோ கையால் போட்ட ஐபி மிச்சமிருக்கிறதா, பாதியில் விட்ட விபிஎன் இருக்கிறதா என்று பாருங்கள். கேட்வே வந்து 8.8.8.8 வரவில்லை என்றால் ரவுட்டருக்கு அப்பால்தான் சிக்கல். எண் வந்து பெயர் வரவில்லை என்றால் சிக்கல் டிஎன்எஸ்ஸில், அதாவது தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றும் சேவையில். அடாப்டரில் டிஎன்எஸ்ஸை 1.1.1.1 என்று மாற்றினால் உடனே தெரிந்துவிடும். மூன்றும் வந்தும் பிரவுசர் திறக்கவில்லை என்றால் பிராக்ஸி செட்டிங்கையும் கம்ப்யூட்டரின் தேதியையும் பாருங்கள். மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி தீர்ந்து தேதி பல வருடம் பின்னால் போனால் பாதுகாப்பான தளங்கள் எல்லாம் சான்றிதழ் பிழை காட்டும்.

சில தளங்கள் திறந்து, சில பாதியில் உறைந்து நின்றால் பாக்கெட் அளவைச் சோதியுங்கள். பிங்கில் -எஃப் -எல் 1472 என்ற தெரிவுகளை ஆங்கிலச் சிற்றெழுத்தில் சேர்த்து 8.8.8.8-க்கு அனுப்பினால், உடைக்காமல் 1500 பைட் பாக்கெட் போகும், மீதி 28 பைட் பாக்கெட்டின் தலைப்புக்கு. அது தோற்று 1464 போனால் லைன் பெரும்பாலும் பிபிபிஓஈ (யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து இணையும்) வகை. ரவுட்டரில் எம்டியூ-வை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவை) 1492 ஆக்குங்கள்.

வீட்டில் எல்லாக் கருவிக்கும் ஒரே நேரத்தில் நெட் போய், நெட்வொர்க் சுவிட்சின் (பல லேன் கேபிள்களை இணைக்கும் பெட்டியின்) லைட்டுகள் அத்தனையும் ஒன்றாக வெறிபிடித்தது போல மினுக்கினால், எங்கோ ஒரு கேபிளின் இரு முனையும் ஒரே சுவிட்சில் செருகப்பட்டிருக்கலாம். ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வாருங்கள், லைட்டுகள் அமைதியாகும் இடத்தில் அந்தக் கேபிள் உங்கள் கையில் இருக்கும்.

அவ்வப்போது மட்டும் அறுந்து வரும் இணைப்புதான் பொறுமையைச் சோதிப்பது. டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சப்படுத்த இக்கருவியை அணைக்கலாம் என்ற டிக்கை எடுங்கள். அட்வான்ஸ்ட் பக்கத்தில் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட், கிரீன் ஈதர்நெட் என்று இருப்பவற்றை அணையுங்கள். 2.5 கிகாபிட் போர்ட் என்றால் சோதனைக்காக 1 கிகாபிட்டுக்கு இறக்கிப் பாருங்கள், அறுபடுவது நின்றால் கேபிளையோ டிரைவரையோ மாற்ற வேண்டும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள், எது சரிசெய்தது என்று தெரியாமல் போகும்.

அதற்கும் அடங்கவில்லை என்றால் இரண்டு கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னல்களைத் திறந்து, ஒன்றில் கேட்வேக்கும் மற்றொன்றில் 8.8.8.8-க்கும் -டி (-t) தெரிவோடு பிங்கை நிற்காமல் ஓட விடுங்கள். நெட் அறுகிற கணத்தில் இரண்டும் நின்றால் கேபிள், அடாப்டர், ரவுட்டர் என்று வீட்டுக்குள் தேடுங்கள். கேட்வே ஒரு மில்லி நொடியில் பதில் தந்துகொண்டிருக்க, 8.8.8.8 மட்டும் நின்றால் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்படி நாலைந்து நேரங்களைக் கையில் வைத்துக்கொண்டு சேவை நிறுவனத்தைக் கூப்பிட்டால், 'ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்பதைத் தாண்டி பேச்சு லைனுக்குப் போகும்.