அபிஸ்கோ பிர்ச் காட்டில் ஒரு கேமரா: பருவக் குறிப்புகள்

செப்டம்பர் 9

ஸ்வீடனின் வடகோடி, 68 டிகிரி வட அட்சம். காடு எப்போது துளிர்க்கிறது, எப்போது பழுக்கிறது என்று நிறத்தை வைத்து அளக்க, ஒரே இடத்திலிருந்து வருடம் முழுக்கப் படமெடுக்கும் கேமரா இது. மேலே மலை பிர்ச் மரம், தரையில் குட்டை பிர்ச்சும் குரோபெர்ரிப் புதரும். தூண் 60 மி.மீ. கால்வனைஸ் குழாய், பாறையில் துளையிட்டு இறக்கி, மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டியாயிற்று. மரத்திலேயே பெல்ட் போட்டுக் கட்டிவிடலாம்தான். ஆனால் காற்றில் மரம் ஆட ஆட, படத்தின் சட்டமும் நகர்ந்துகொண்டே இருக்கும். சதுப்பு மண்ணில் ஆழமில்லாமல் நட்டால் இன்னும் மோசம்: மண் உறையும்போதெல்லாம் தூணைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளும், கூடவே சாய்க்கும்.

கேமராவின் முகம் வடக்கே. வெயில் பின்னாலிருந்து விழுந்தால் படம் வெளுக்காது என்பது பொதுவான விதி. ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே அந்த விதி பாதி நாள்தான் செல்லும். மே கடைசி முதல் ஜூலை நடு வரை நள்ளிரவுச் சூரியன் நேர் வடக்கில் நின்று லென்ஸுக்குள்ளேயே அடிக்கும். அதனால் இரவுப் படமே வேண்டாம்.

வானம் சட்டத்தில் கால் பங்குக்குள் அடங்கட்டும். அதற்கு மேல் போனால் எக்ஸ்போஷர் (கேமரா உள்ளே விடும் வெளிச்ச அளவு) வானத்தைப் பார்த்து அமைந்து, காடு கறுத்துவிடும். 10 செ.மீ.க்கு ஒரு நிறமாகப் பட்டை தீட்டிய 2 மீட்டர் கழி ஒன்று சட்டத்துக்குள் நிற்கிறது, பனி ஆழம் பார்க்க.

செப்டம்பர் 10

ஒயிட் பேலன்ஸை, அதாவது கேமராவின் நிறச் சமன் அமைப்பை, 'பகல்' என்று பூட்டியாயிற்று. இதை மறந்தால் ஒரு வருட உழைப்பும் வீண். ஆட்டோவில் விட்டால், காடு பச்சையாகும்போது கேமரா அதைப் பிழை என்று நினைத்துத் திருத்திக்கொண்டே வரும். அளக்க வந்த மாற்றத்தைக் கேமராவே விழுங்கிவிடும்.

கடிகாரம் யுடிசி (உலகப் பொது நேரம்), கோடை நேர மாற்றம் அணைப்பில். இங்கே சூரியன் உச்சிக்கு வருவது சுமார் 10:45 யுடிசி. 9 மணி முதல் 13 மணி வரை அரை மணிக்கு ஒன்று, ஆக ஒன்பது படம். வருடத்துக்கு 3,285; படம் 4 எம்பி என்றால் 13 ஜிபி. 32 ஜிபி கார்டு தாராளம்.

நவம்பர் 29

சூரியன் உதிக்கவே உதிக்காத துருவ இரவுக்கு முன் பேட்டரி மாற்றம். ஆல்கலைன் இந்தக் குளிரில் படுத்துவிடும். மைனஸ் 40 வரை தாங்கும் லித்தியம் ஏஏ செல்தான் சரி. அதிலும் ஒரு வம்பு உண்டு. அதன் மின்னழுத்தம் கடைசிவரை இறங்காது, பேட்டரி அளவி 'முழு' என்றே காட்டும், பிறகு ஒரே நாளில் நின்றுபோகும். ஆகவே அளவியை நம்பாமல் தேதி வைத்து மாற்றுவது. டிசம்பர் நடுவில் நண்பகலிலும் சூரியன் தொடுவானத்துக்கு ஏறக்குறைய 2 டிகிரி கீழேதான் இருக்கும். அந்த அந்தி வெளிச்சத்தில் நிறக் கணக்கு எடுபடாது, பனிக் கழியை மட்டும் படிக்கலாம்.

ஜனவரி 20

லென்ஸ் முகப்பில் உறைபனிப் படலம். வாயால் ஊதினால் மூச்சின் ஈரம் அங்கேயே உறைந்து கண்ணாடியாகும்; உலர்ந்த மென்தூரிகைதான். கேமராப் பெட்டியை வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுபோய்த் திறந்தால் உள்ளே ஈரம் படியும். கார்டை வெளியிலேயே மாற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும் புதிதாகப் போட்டு மூடவும்.

மே 23

பனி உருகுகிறது. வரைபடத்தில் பச்சை விகிதம் ஏறுகிறது, காட்டில் ஒரு இலைகூட இல்லை.

பச்சை விகிதம் என்பது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் கூட்டுத்தொகையில் பச்சையின் பங்கு. உதாரணக் கணக்கு: நிழல் விழுந்த பனி 150, 160, 185 என்றால் 160-ஐ 495-ஆல் வகுக்க 0.323. பனி போன பழுப்புத் தரை 112, 100, 84 என்றால் 0.338. துளிரே இல்லாமல் கோடு ஏறியாயிற்று. நீலத்தின் பங்கைப் பார்த்தால் குட்டு வெளிப்படும்: 0.374-இலிருந்து 0.284-க்குச் சரிகிறது. இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தால் அது பனி விலகல். பனி நாட்களைப் படம் பார்த்துக் குறித்துத் தள்ளிவிட்டுத்தான் துளிர்ப்புத் தேதிக் கணக்கு.

ஜூன் 14

இது நிஜத் துளிர். மரத்தலைக்கு ஒன்று, தரைப் புதருக்கு ஒன்று என இரண்டு தனி மாஸ்க் (படத்தில் எந்தப் பகுதியின் நிறத்தை மட்டும் கணக்கிடுவது என்று வரைந்த எல்லை). குரோபெர்ரி பசுமை மாறாத செடி; குளிரில் செம்பழுப்பாகி, பழைய இலையிலேயே பச்சை திரும்பும். பிர்ச்சோடு கலந்தால் துளிர்ப்புத் தேதி நிஜத்தைவிட முன்னதாக விழும். மேகம், மழை தரும் ஏற்ற இறக்கத்தை அடக்க மூன்று நாள் படங்களைச் சேர்த்து 90-ஆம் சதமானத்தை (நூற்றில் தொண்ணூறு மதிப்புகள் எதற்குக் கீழே இருக்குமோ அந்த மதிப்பை) எடுக்கிறோம். சராசரி என்றால் மங்கல் நாட்கள் கீழே இழுத்துவிடும்.

ஜூலை 6

மரத்தலையின் விகிதம் சரிகிறது. முதல் சந்தேகம் எப்போதும் தூண்மீதுதான்: பாறை விளிம்பு, அடிமரக் கவை என அசையாத இரண்டு புள்ளிகளை முதல் நாள் படத்தோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒரே அளவு நகர்ந்திருந்தால் மாஸ்க்கையும் அவ்வளவு நகர்த்தலாம். வேறு வேறு அளவென்றால் சட்டம் திரும்பியிருக்கிறது; அந்தத் தேதியிலிருந்து புது மாஸ்க், பழையதை அழிக்கக் கூடாது.

புள்ளிகள் அசையவில்லை. அப்படியானால் புழு. எபிரிட்டா அந்துப்பூச்சியின் புழுக்கள் துளிரோடு பொரித்து, ஜூலைத் தொடக்கம் வரை பிர்ச் இலையைத் தின்னும். 1955-இல் இந்தப் பள்ளத்தாக்கின் பிர்ச் காட்டை மொட்டையடித்தவை இவைதான். முழு அளவில் பெரிதாக்கிப் பார்த்தால் இலை ஓரம் அரித்து நரம்பு மட்டும் நிற்பது தெரிகிறது.

செப்டம்பர் 7

பிர்ச் மஞ்சள், குட்டை பிர்ச் சிவப்பு. இலையுதிர் காலத்துக்குப் பச்சை விகிதம் சோம்பேறி, மெதுவாகத்தான் இறங்கும். சிவப்பின் பங்கு உச்சம் தொடும் நாளே தெளிவான குறி.

வருடாந்தரப் பராமரிப்பு நாளை. பெட்டியைத் தொடுமுன் ஒரு படம், மூடிய பின் ஒரு படம்.